முள்ளை எடுக்கும் முள்

முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. காலில் தைத்த முள்ளைக் களைய இன்னொரு முள்ளை நாடும் வழிப்போக்கர், வேலை முடிந்ததும் இரண்டையுமே தொலைவில் எறிந்துவிட்டு நடக்கிறார். இரண்டாம் முள்ளை எவரும் மடியில் கட்டிக்கொள்வதில்லை. வஞ்சகத்தை வஞ்சகத்தால் வெளிக்கொணரத் துணியும் அரசுகளோ, முதல் முள்ளைப் பற்றிப் பேசுமளவுக்கு இரண்டாம் முள்ளைப் பற்றிப் பேசுவதில்லை.

காவலர் ஒருவர் போதைப்பொருள் வாங்க வந்தவராக நடிக்கிறார். கையூட்டுக் கொடுக்க வந்தவராக மற்றொருவர் அதிகாரியின் அறைக்குள் நுழைகிறார். இத்தகைய மாறுவேடப் புலனாய்வு இல்லையேல் சில குற்றங்கள் வெளிச்சத்துக்கு வருவதே அரிது. கையூட்டில் கொடுத்தவரும் வாங்கியவரும் மனமொத்தவர்கள். புகார் செய்ய மூன்றாமவர் இல்லை. ஆனால் அந்த வேடத்துக்கு ஒப்புதல் அளித்து, வழிகாட்டி, மேற்பார்வையிடுபவர் யார்? ஐக்கிய அமெரிக்க நாட்டில் பெரும்பாலும் அவர் அரசு வழக்குரைஞர். அவரோ நேர்மையின்மை, மோசடி, வஞ்சனை, பொய்த்தோற்றம் ஆகிய எதிலும் ஈடுபடலாகாது என்னும் தொழில்நெறி விதிக்குக் கட்டுப்பட்டவர். நீதிமன்றத்தில் உண்மைக்காக நிற்பவர், நீதிமன்றத்துக்கு வெளியே பொய்யை ஏவலாமா? அமெரிக்க நீதித்துறை பல ஆண்டுகளாகப் போராடிய கேள்வி இது. அப்போராட்டத்தின் வரலாறு நமக்கும் சில பாடங்களைத் தருவதால், அதனை இங்கே சற்று விரிவாக நோக்குவோம்.

ஆயர் ஒருவருக்கு வந்த மடல்

இக்கேள்வி அமெரிக்காவில் பிறந்ததன்று. ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன்னர் அது ஹிப்போ நகர் ஆயர் புனித அகுஸ்தீனாரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஸ்பெயின் நாட்டில் பிரிசில்லியன் என்பவரின் கொள்கையைப் பின்பற்றியோர் அக்காலத்தில் தங்கள் நம்பிக்கையை மறைத்து வாழ்ந்தனர். பிரிசில்லியனை உரோமைப் பேரரசின் அதிகாரம் 385ஆம் ஆண்டையொட்டிக் கொன்றிருந்தது. ஆகவே அவருடைய வழிவந்தோர், தம்மைக் காத்துக்கொள்ளப் பொய் சொல்வது தவறில்லை எனக் கருதினர். மறைந்திருப்போரை எவ்வாறு கண்டுபிடிப்பது? பலெயாரிக் தீவுகளில் வாழ்ந்த கன்சென்சியுஸ் என்னும் கிறிஸ்தவர் ஒரு வழி கண்டார்: நம்மவரே அவர்களுள் ஒருவராக நடித்து உள்ளே நுழைய வேண்டும்.

அவ்வாறு நுழைந்தவர் தாரகோனா நகரின் துறவி ஃப்ரொன்டோ. அவருடைய கதையைக் கன்சென்சியுஸ் அகுஸ்தீனாருக்கு எழுதிய மடல் நெடுங்காலம் அறியப்படாதிருந்து, 1981இல்தான் அச்சேறியது. ஃப்ரொன்டோ அவர்களின் கொள்கையை ஏற்றவராக நடித்து, செவேரா என்னும் பெண்மணியின் நம்பிக்கையைப் பெற்று, குருவானவர் ஒருவர் வரை செல்லும் இரகசிய வலையை அறிந்துகொண்டார். ஆனால் அதனை வெளிப்படுத்தியபோது குற்றம் சாட்டப்பட்டோரின் செல்வாக்குமிக்க உறவினர்கள் அவர்மீது பாய்ந்தனர். இறுதியில் கூடிய ஆயர்கள் சான்றாக நின்ற நூல்களை எரித்துவிட்டனர். குற்றம் சாட்டப்பட்டோர் மீண்டும் உறவு ஒன்றிப்பில் சேர்க்கப்பட்டனர். ஃப்ரொன்டோ ஊரைவிட்டே வெளியேறினார். வேடத்தால் பெற்ற உண்மை நெருப்பில் முடிந்தது.

ஏறத்தாழ 420இல் அகுஸ்தீனார் எழுதிய மறுமொழியே 'பொய்க்கு எதிராக' என்னும் நூல். பொய்யைப் பொய்யால் வேட்டையாடுவதை அவர் மறுத்தார். அவருடைய வாதங்களுள் ஒன்று நமக்கு மிகவும் முக்கியமானது. பொய் சொல்லி ஒருவரைப் பிடித்த பின்னர், அவரிடமே உண்மையைப் போதிக்கச் சென்றால் அவர் நம்மை எவ்வாறு நம்புவார்? நன்மைக்காகப் பொய்யுரைப்பவர் என்று ஒருமுறை அறியப்பட்டவர், எப்போது உண்மை பேசுகிறார் என்பதைக் கேட்பவர் எப்படி அறிவார்? அதே நூலில், சாகும் நிலையிலுள்ள தந்தை தம் மகன் உயிரோடிருக்கிறானா என்று கேட்கும் நிலையை எண்ணும்போது தம் உள்ளமும் அசைகிறது என்று அவர் ஒப்புக்கொள்வதையும் குறிப்பிட வேண்டும். இரக்கமற்றவராக அவர் பேசவில்லை. விலையை எண்ணிப் பார்த்தே பேசினார்.

எல்லாரும் அவரைப் பின்பற்றவில்லை. டச்சு நாட்டுச் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் 1625இல் வெளியிட்ட நூலில், கேட்பவரின் உரிமையை மீறும்போதுதான் பொய்யுரை குற்றமாகிறது என்னும் கருத்தை வளர்த்தார். உண்மையை அறிய உரிமையற்ற கொள்ளையனிடம் உண்மையை மறைப்பது வேறு என்பது இதன் பொருள். இக்கருத்தின் நிழல் நம் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டிலும் விழுந்தது. 1992இல் வெளிவந்த பதிப்பு, உண்மையை அறிய உரிமையுள்ள ஒருவரைத் தவறான எண்ணத்துக்கு உட்படுத்துவதே பொய் என வரையறுத்தது. 1997இல் வந்த இலத்தீன் மூலப் பதிப்போ 'உரிமையுள்ள' என்னும் கட்டுப்பாட்டையே நீக்கிவிட்டது. ஒரு சொற்றொடரைச் சேர்ப்பதா நீக்குவதா என்பதில் இத்துணை தயக்கம் இருந்ததெனில், அமெரிக்க நீதிபதிகள் தயங்கியதில் வியப்பில்லை.

மதுப்புட்டியும் நீதிபதியின் அறையும்

அமெரிக்க நீதிமன்றங்கள் முதலில் கேட்டது வழக்குரைஞரைப் பற்றியன்று, காவலரைப் பற்றியே. மதுவிலக்குக் காலத்தில் வட கரோலினா மாநிலத்தில் மதுவிலக்கு அதிகாரி ஒருவர் சுற்றுலாப் பயணியாக நடித்து ஒருவரின் இல்லத்துக்குச் சென்றார். முதல் உலகப் போரில் இருவரும் ஒரே படைப்பிரிவில் பணியாற்றியவர்கள். அப்பழைய நினைவுகளைப் பேசிப்பேசி, மறுத்தவரிடம் மீண்டும் மீண்டும் கேட்டு, ஐந்து டாலருக்கு அரை காலன் விஸ்கியை வாங்கி, உடனே அவரைக் கைது செய்தார். சாரல்ஸ் என்னும் பெயரால் அறியப்படும் இவ்வழக்கில் 1932இல் உச்ச நீதிமன்றம் ஓர் எல்லையைக் கீறியது. குற்றம் செய்பவரைப் பிடிக்க அரசு தந்திரத்தைக் கையாளலாம். ஆனால் குற்றமற்ற மனத்தில் குற்றத்தை விதைத்துப் பின் அதற்கே தண்டிக்கலாகாது. பிடிப்பதும் கெடுப்பதும் வேறு என்பதே இத்தீர்ப்பின் சாரம்.

தந்திரத்தின் வலிமையை முழுமையாகக் காட்டியது 1980இல் சிக்காகோவில் தொடங்கிய 'கிரேலார்டு' நடவடிக்கை. குக் மாவட்ட நீதிமன்றங்களில் பணம் கொடுத்தால் தீர்ப்புக் கிடைக்கும் நிலை இருந்தது. டெரன்ஸ் ஹேக் என்னும் இளம் அரசு வழக்குரைஞர் இதனைக் கண்டு மனம் வெதும்பி, எஃப்.பி.ஐ. என்னும் கூட்டாட்சிப் புலனாய்வு நிறுவனத்துடன் இணைந்தார். கையூட்டு வாங்கும் அரசு வழக்குரைஞராகவும், பின்னர்க் கையூட்டுக் கொடுக்கும் தனியார் வழக்குரைஞராகவும் நடித்து, உடலில் ஒலிப்பதிவுக் கருவியுடன் மூன்று ஆண்டுகளுக்கு மேல் உலவினார். புலனாய்வாளர்கள் குற்றவாளிகளாக வேடமிட்டுப் போலி வழக்குகளையே நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தனர். நீதிபதி ஒருவரின் அறையில் ஒலிவாங்கி மறைத்து வைக்கப்பட்டது. முடிவில் 17 நீதிபதிகளும் 48 வழக்குரைஞர்களும் உள்ளிட்ட 92 பேர் குற்றம் சாட்டப்பட்டனர்.

நீதிமன்றத்தையே பொய்யால் நிரப்புவது தகுமா என்று தண்டனை பெற்ற நீதிபதி மர்பி மேல்முறையீட்டில் வினவினார். ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985இல் அவருடைய வாதத்தைத் தள்ளியது. கையூட்டுக் கொடுப்போரைப் போல் நடித்தாலன்றிக் கையூட்டு வாங்குவோரை அணுக இயலாது என்பதே அதன் நோக்கு. ஏழைக்கு ஒரு நீதியும் பணக்காரனுக்கு ஒரு நீதியும் விற்கப்பட்ட மன்றங்களை நினைக்கும்போது, இத்தீர்ப்பை எளிதில் பழித்துவிட நமக்கு மனம் வரவில்லை.

அரசு தனக்குத்தானே அளித்த விலக்கு

வழக்குரைஞர்களுக்கான நெறி இதே காலத்தில் தனி வழியில் வளர்ந்து வந்தது. அமெரிக்க வழக்குரைஞர் சங்கம் 1908இல் முதல் நெறிக்கோவையை வெளியிட்டது. 1969இல் வந்த கோவையிலும் 1983இல் வந்த மாதிரி விதிகளிலும், நேர்மையின்மை, மோசடி, வஞ்சனை, பொய்த்தோற்றம் ஆகியவற்றை விலக்கும் விதி இடம்பெற்றது. அவ்விதி 'வழக்குரைஞர்' என்றது; 'தனியார் வழக்குரைஞர்' என்று சொல்லவில்லை. மாநிலங்களே வழக்குரைஞர்களுக்கு உரிமம் அளித்து ஒழுங்குபடுத்துவதால், இவ்விதிகளுக்குச் சட்ட வலுக் கொடுப்பதும் மாநில உச்ச நீதிமன்றங்களே.

மோதல் முதலில் வேறொரு விதியில் வெடித்தது. ஒருவர் வழக்குரைஞரை அமர்த்தியிருந்தால், அவ்வழக்குரைஞருக்குத் தெரியாமல் எதிர்த்தரப்பு வழக்குரைஞர் அவரிடம் வழக்கைப் பற்றிப் பேசலாகாது. நியூயார்க்கில் ஓர் அரசு வழக்குரைஞர், தம்முடன் ஒத்துழைத்த ஒருவரின் கையில் போலி அழைப்பாணையைக் கொடுத்து, வழக்குரைஞரை அமர்த்தியிருந்த சந்தேகத்துக்குரியவரிடம் பேச்சுக்கொடுக்க வைத்தார். இது முறையன்று என 1988இல் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது; ஆயினும் சட்டம் அதுவரை தெளிவற்றிருந்ததால் சான்றை ஒதுக்கவில்லை. மறு ஆண்டு ஜூன் மாதம், அரசுத் தலைமை வழக்குரைஞர் ரிச்சர்ட் தார்ன்பர்க் ஒரு குறிப்பாணை விடுத்தார்: தம் துறை வழக்குரைஞர்களின் புலனாய்வுப் பணியை மாநிலங்களின் இவ்விதி கட்டுப்படுத்தாது என்பது அதன் நிலைப்பாடு. அவருக்குப் பின் வந்த ஜேனட் ரீனோ 1994இல் அதனைச் சற்று மென்மையாக்கி ஒழுங்குமுறையாக வெளியிட்டார். யார்மீது விதி பாய வேண்டுமோ அவரே விதிக்கு விலக்கு எழுதிக்கொண்டார் என்னும் குறை நீங்கவில்லை.

அதற்கு மறுமொழி நாடாளுமன்றத்திலிருந்து வந்தது. பென்சில்வேனியாவின் உறுப்பினர் ஜோசப் மெக்டேடு 1992இல் கூட்டாட்சி வழக்கொன்றில் குற்றம் சாட்டப்பட்டு, 1996இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டவர். அரசு வழக்குரைஞர்களின் கை எவ்வளவு நீளமானது என்பதைத் தாமே உணர்ந்த அவர் முன்னின்று கொணர்ந்த சட்டம் 1998 அக்டோபரில் நிறைவேறி, 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கூட்டாட்சி அரசின் வழக்குரைஞர்கள் தாம் பணிபுரியும் மாநிலத்தின் நெறி விதிகளுக்கு ஏனைய வழக்குரைஞர்களைப் போன்றே கட்டுப்பட்டவர்கள் என அது கூறியது. சிறிய சட்டம், ஆனால் அதன் விளைவு அடுத்த ஆண்டே ஓரிகன் மாநிலத்தில் தெரிந்தது.

ஓரிகனின் அமைதி

ஓரிகனில் தனியார் வழக்குரைஞர் ஒருவர், அரசின் மாறுவேடப் புலனாய்வில் அரசு வழக்குரைஞர்களுக்குப் பங்குண்டு எனக் கூறி அவர்கள்மீது மாநில வழக்குரைஞர் மன்றத்தில் முறையிட்டார். மன்றம் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அவர்களுக்கு ஆகுமாயின் நமக்கும் ஆகும் என அவர் முடிவு செய்தார் போலும். காப்பீட்டு மோசடி நடப்பதாகத் தாம் ஐயுற்ற ஒரு மருத்துவப் பரிசீலனை நிறுவனத்துக்கு 1994இல் தொலைபேசியில் பேசி, தம்மை மருத்துவர் எனக் கூறிச் செய்தி சேகரித்தார். இப்போது ஒழுங்கு நடவடிக்கை அவர்மீதே வந்தது.

2000இல் ஓரிகன் உச்ச நீதிமன்றம் அவரை வெளிப்படையாகக் கண்டித்தது. அதோடு நின்றிருந்தால் செய்தியாகியிராது. அரசுத் தரப்பினர் தாமாகவே முன்வந்து, தங்களுக்கு மட்டுமேனும் விலக்கு வேண்டும் என வாதிட்டிருந்தனர். விதியில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை, எழுதப்படாத விலக்கை நாங்கள் தீர்ப்பால் நுழைக்க இயலாது, அரசு வழக்குரைஞரும் வழக்குரைஞரே என நீதிமன்றம் விடையளித்தது.

பெரிய மாறுவேட நடவடிக்கைகளுக்குக் கூட்டாட்சி அரசு வழக்குரைஞரின் இசைவை எஃப்.பி.ஐ. நாடுவது வழக்கம். மெக்டேடு சட்டத்தால் அவ்வழக்குரைஞர்களும் ஓரிகன் விதிக்குள் வந்துவிட்டனர். உரிமத்தை இழக்கும் அச்சத்தில் அவர்கள் இசைவளிக்க மறுத்தனர். இணையத்தில் சிறார்களைத் தேடும் கயவர்களைப் பிடிக்கச் சிறாரைப் போல் நடித்துவந்த புலனாய்வு உட்பட, ஓரிகனில் மாறுவேடப் பணிகள் நின்றன. உண்மையின் பெயரால் விதி காக்கப்பட்டது. அவ்விதியின் நிழலில் சிறார்கள் காப்பின்றி நின்றனர். எளியோரைக் காக்கும் கடமையும் பொய்யை விலக்கும் கடமையும் எதிரெதிரே நின்ற அந்நாள்களை எண்ணும்போது, இது ஏட்டுச் சிக்கலன்று என்பது விளங்கும்.

2002 ஜனவரியில் ஓரிகன் தன் விதியைத் திருத்தியது. சட்டத்துக்கு உட்பட்ட மறைமுகப் புலனாய்வுக்கு வழக்குரைஞர் அறிவுரை கூறலாம், மேற்பார்வையிடலாம். ஆனால் சட்டமீறல் நடந்துள்ளது, நடக்கிறது, அல்லது விரைவில் நடக்கும் என நம்புவதற்கு நியாயமான வாய்ப்பு இருப்பதாக அவர் நல்லெண்ணத்துடன் கருத வேண்டும். குற்றவியல் சட்டமீறலுக்கு மட்டுமன்றி உரிமையியல் சட்டமீறலுக்கும் அரசியலமைப்பு உரிமை மீறலுக்கும் இது பொருந்தும். அரசு வழக்குரைஞருக்கு மட்டும் தனிச்சலுகை இல்லை. அரசு செய்யும் தவற்றைக் கண்டறிய விரும்பும் குடிமகனின் வழக்குரைஞரும் இவ்வழியை நாடலாம்.

தொலைபேசியில் வந்த குரல்

ஓரிகன் விதியைத் திருத்திய அதே 2002இல், கொலராடோ மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் இதைவிடக் கடினமான வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. 1998இல் ஜெஃபர்சன் மாவட்டத்தில் ஒருவன் மூன்று பெண்களைக் கொடூரமாகக் கொன்றிருந்தான். அவன் இருக்குமிடம் தெரியாத நிலையில், காவலர்கள் தொலைபேசியில் மணிக்கணக்காகப் பேசி அவனைச் சரணடைய இணங்க வைத்தனர். அதற்கு முன் தனக்கொரு வழக்குரைஞர் வேண்டும் என அவன் கேட்டான். ஏழைகளுக்காக அரசு அமர்த்தும் பொதுத் தற்காப்பு வழக்குரைஞரை அழைத்திருக்கலாம். ஆனால் அங்கிருந்த மாவட்ட அரசு வழக்குரைஞர் மார்க் பாட்லர், அப்படி வருபவர் பேச வேண்டாம் என அறிவுரை கூறுவார் என அஞ்சினார். எனவே வேறொரு பெயரில், தாமே தற்காப்பு வழக்குரைஞர் எனத் தொலைபேசியில் பேசினார். கொலையாளி அமைதியாகச் சரணடைந்தான். மேலும் ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை.

யார் அவரைக் குறை கூறுவர்? கொலராடோ உச்ச நீதிமன்றம் கூறியது. மூன்று மாத இடைநீக்கம் விதிக்கப்பட்டு, 12 மாத நன்னடத்தைக் கண்காணிப்பின்பேரில் நிறுத்தி வைக்கப்பட்டதை அது உறுதி செய்தது. கையில் தொலைபேசி இருந்தது, உண்மையான வழக்குரைஞரை அழைக்க வழி இருந்தது. நேர்மையான வழி ஒன்றேனும் திறந்திருக்கையில் வஞ்சனையின் வழியைத் தேர்ந்துகொள்ளலாகாது என்பதே அதன் முடிவு.

பின்னர் நடந்தது இன்னும் சிந்திக்கத் தக்கது. பாட்லர் தம் செயலைத் தாமாக வெளியிடவில்லை. ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்து அமர்த்தப்பட்ட உண்மையான தற்காப்பு வழக்குரைஞர், ஒலிநாடாக்களைக் கேட்கும்போது அக்குரலை இனங்கண்டார். உனக்காகப் பேசியவர் உன்னைக் குற்றஞ்சாட்டும் தரப்பினரே என்பதைத் தம் கட்சிக்காரருக்குச் சொன்ன பின்னர், அவருடைய நம்பிக்கையைப் பெறுவது அரிதாயிற்று. சில மாதங்களில் அக்குற்றவாளி அவரை விலக்கிவிட்டுத் தன் வழக்கைத் தானே நடத்தி மரண தண்டனை பெற்றான். பின்னர் அது ஆயுள் தண்டனையாயிற்று. ஹிப்போ ஆயரின் கேள்வி இங்கே தசையும் குருதியுமாக எழுந்து நிற்கிறது: பொய்யுரைத்த வாய் இருந்த இடத்தில், உண்மையுரைக்க வரும் வாயை யார் நம்புவார்? காவலர் ஒருவர் குருவானவராக வேடமிட்டு ஒப்புரவு அருளடையாளத்தின் இருக்கையில் அமர்ந்தார் எனக் கொள்வோம். அவர் பெறும் தகவல் எத்துணை பயனுடையதாயினும், அதன்பின் எந்தப் பாவி எந்தக் குருவை நம்பி மண்டியிடுவார்?

கொலராடோவும் 2017இல் தன் விதியைத் திருத்தி, சட்டபூர்வமான புலனாய்வில் ஈடுபடுவோருக்கு வழக்குரைஞர்கள் அறிவுரை கூறவும் வழிநடத்தவும் மேற்பார்வையிடவும் இடமளித்தது. ஆனால் தாமே பொய்யுரைக்க அத்திருத்தம் இடமளிக்கவில்லை. பாட்லர் செய்தது இன்றும் விலக்கப்பட்டதே.

நாம் கற்பது

இவ்வரலாற்றில் வேடத்தை முழுவதும் ஒழித்தவரும் இல்லை. வேடத்துக்கு எல்லையில்லை எனக் கூறியவர் வென்றதுமில்லை. நன்னெறி இறையியல் பயின்ற நமக்கு, அகுஸ்தீனார் காட்டிய உயரத்திலிருந்து பார்க்கும்போது ஓரிகனின் திருத்தம் ஒரு சமரசமே. ஆயினும் அது வெளிச்சத்தில் செய்யப்பட்ட சமரசம். தார்ன்பர்க்கின் குறிப்பாணையில் அதிகாரம் தனக்குத்தானே விலக்களித்தது. ஓரிகனிலோ, விலக்கு தேவை என்றால் அதை யாவரும் படிக்கும்படி எழுதுங்கள், எல்லையோடு எழுதுங்கள், எல்லாருக்கும் பொதுவாக எழுதுங்கள் என்று நீதிமன்றம் அதிகாரத்தைக் கட்டாயப்படுத்தியது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் பல புலனாய்வுகள் நின்றன என்பது அதற்குக் கொடுத்த விலை. அவ்விலை சிறிதன்று. எழுதப்படாத விலக்கோ நாள்தோறும் வளரும். அதன் விலையை எவரும் கணக்கிடுவதுமில்லை.

பாட்லரின் வழக்கு இன்னொன்றைக் கூட்டிச் சொல்கிறது. எந்தச் சமரசமும் தொடக்கூடாத இடங்கள் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் தம் வழக்குரைஞரை நம்பும் இடம் அத்தகையது. அது கொலையாளியின் நலனுக்காக மட்டும் காக்கப்படுவதன்று. நாளை குற்றமின்றிச் சிக்கப்போகும் எளியவர் ஒருவருக்காகவும் காக்கப்படுகிறது. சட்டத்தின் பெயரால் பேசும் குரல் தொலைபேசியில் கேட்கும்போது, அது சொல்லும் பெயர் உண்மையான பெயர் என்று அந்த எளியவர் நம்ப முடிய வேண்டும். அந்த நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் எந்தத் தீர்ப்பாலும் அதனை ஒட்டவைக்க இயலாது.

முள்ளால் முள்ளை எடுப்போர் அந்த இரண்டாம் முள்ளை யாவரும் காணும்படி கையில் பிடிக்கட்டும். எடுத்து முடிந்ததும் எறிந்துவிடட்டும்.